தராசும் சரிவும்

கலிபோர்னியாவின் மரின் பகுதியில் ஜோ பிரீஸ் 1977-78இல் தன் கையால் பற்றவைத்துக் கட்டிய பத்து சைக்கிள்களைத்தான், மலைக்கென்றே புதிதாகச் செய்யப்பட்ட முதல் தொகுதி என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அவற்றில் முதலாவது இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எடை 38 பவுண்டு, ஏறக்குறைய 17 கிலோ. இன்றைக்குக் கடையில் நிற்கும் கார்பன் சட்டம் போட்ட ஆல்-மவுண்டன் சைக்கிளைத் தராசில் தொங்கவிட்டால் 15 கிலோ காட்டும். தடித்த டயர் போட்டிருந்தால் 16. இத்தனை வருட உலோக அறிவும் கார்பன் இழையும் சேர்ந்து மிச்சப்படுத்தியது இவ்வளவுதானா?

அப்படியில்லை. இடையில் மலைச் சைக்கிளின் எடை 10 கிலோ வரை இறங்கிவிட்டு, தெரிந்தே மறுபடி ஏறியிருக்கிறது. ஏன் இறங்கியது, ஏன் ஏறியது என்பதற்கு உலோகத்தில் மட்டும் விடை தேடுகிறவர்கள் பாதி விடையோடுதான் திரும்புவார்கள். வண்டியை மேட்டில் ஏற்றுவது யார், அப்படி ஏற்றும்போது கடிகாரம் ஓடுகிறதா என்ற இரண்டும்தான் ஒவ்வொரு காலத்திலும் எடையைத் தீர்மானித்தன என்பது என் எண்ணம்.

1970களின் நடுவில் மரின் இளைஞர்களுக்கு எடை ஒரு பொருட்டே இல்லை. 1930, 40களில் சிறுவர்களுக்காக ஷ்வின் நிறுவனம் செய்த எக்செல்சியர் போன்ற பலூன் டயர் சைக்கிள்களைப் பழைய சாமான்களிலிருந்து தேடிப் பொறுக்கினார்கள். மட்கார்டு, செயின் கார்டு, ஸ்டாண்டு என்று பிடுங்க முடிந்ததையெல்லாம் பிடுங்கி எறிந்தார்கள். இந்தத் துறையின் முதல் எடைக் குறைப்பு அதுதான். ஒரு ஸ்பானரைத் தவிர வேறு செலவில்லை. அப்படியும் வண்டி 20 கிலோவைத் தாண்டும்.

ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு வெளியே, சுமார் 3 கிலோமீட்டருக்குள் 400 மீட்டர் இறங்கும் மண்பாதை ஒன்றில் 1976 அக்டோபர் 21 அன்று அவர்களுடைய முதல் பந்தயம் நடந்தது. சார்லி கெல்லி அதை ஒருங்கிணைத்தார். பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கும் கோஸ்டர் பிரேக், அடிவாரம் வருவதற்குள் உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாகிப் போகும் அளவுக்குச் சூடாகும். ஓட்டம் முடிந்ததும் ஹப்பைப் பிரித்து, பால்ரசுக்குப் புது கிரீஸ் வைத்து மூட வேண்டும். அந்த வேலையின் பெயரையே பாதைக்கு வைத்து ‘ரீபேக்’ என்றார்கள். சரி, உச்சிக்கு எப்படிப் போனார்கள்? தள்ளிக்கொண்டு, இல்லையென்றால் யாருடைய பிக்கப் வண்டியிலாவது ஏற்றிக்கொண்டு. சுமப்பது பிக்கப் என்றால் சைக்கிள் 20 கிலோவா 23 கிலோவா என்று யார் கவலைப்படப் போகிறார்கள்?

கவலை கியரோடு வந்தது. 1974 டிசம்பரில் மில் வேலியில் நடந்த சைக்ளோகிராஸ் போட்டிக்குத் தெற்கே குப்பர்டினோவிலிருந்து ‘மாரோ டர்ட் கிளப்’ ஆட்கள் சிலர் வந்திருந்தார்கள். அவர்களுடைய பலூன் டயர் வண்டிகளில், சங்கிலியைப் பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் மாற்றும் டிரெய்லியர் கியர் இருந்தது. மரின்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்ச காலத்தில் அவர்களில் ஒருவரான கேரி ஃபிஷர் தன் பழைய ஷ்வின்னில் கியரும் டிரம் பிரேக்கும் பூட்டினார். இனி மலையை மிதித்தே ஏறலாம். ஏற முடிகிறது என்றானதும், ஏறும்போது எது கால்களை இழுக்கிறது என்ற கேள்வியும் எழுந்துவிட்டது.

அந்தத் தலைமுறை வண்டிகளின் பாகப் பட்டியல் எனக்கு மிகவும் பிடித்தமானது. கிராங்க், நெடுந்தூரப் பயணச் சைக்கிளுக்கென்று பிரான்ஸின் டிஏ நிறுவனம் செய்தது. கியர் ஜப்பானின் சன்டூர். பிரேக் பிடி, ஜெர்மனியின் மகுரா மோட்டார் சைக்கிளுக்குச் செய்தது. டிரம் பிரேக் இருவர் மிதிக்கும் டாண்டம் வண்டியிலிருந்து வந்தது. இவற்றில் ஒன்றுகூட மலைக்கென்று பிறந்ததல்ல. தனக்கேற்றபடி வண்டியைக் கட்டிக்கொள்வது அன்று பொழுதுபோக்கு அல்ல. கட்டாமல் வண்டியே கிடையாது. அதனால் ஒவ்வொரு பாகமும் ஏன் அங்கே இருக்கிறது என்று ஓட்டுபவனுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த பெரிய இறக்கம் சக்கரத்தில் நடந்தது. பழைய எஃகு ரிம்மின் இடத்தில் 26 அங்குல அலுமினிய ரிம்மும், அதற்கேற்ற இலகுவான முள் டயரும் 1970களின் கடைசியில் கைக்கு வந்ததும் எடையில் கிலோக்கணக்கில் போயிற்று. போனது எடை மட்டுமல்ல. எஃகு ரிம் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை வழுக்கும், அலுமினியம் பிடிக்கும். இலகுவாகவும் ஆனது, நன்றாக நிற்கவும் செய்தது. இந்த இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது இந்த வரலாற்றில் அபூர்வம். 1979இல் ஃபிஷரும் கெல்லியும் டாம் ரிட்சி கட்டிய சட்டங்களை வைத்து ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ‘ஸ்டம்ப்ஜம்பர்’ வண்டியை ஜப்பானில் செய்து 750 டாலருக்கு விற்றது. ஸ்பானர் பிடிக்கத் தெரியாதவரும் மலைச் சைக்கிள் வாங்கலாம் என்ற நிலை அன்றுதான் வந்தது.

பிறகு பந்தயம் சூடுபிடித்தது. அதுவும் ஏற்றத்துக்கும் சேர்த்துக் கடிகாரம் ஓடும் கிராஸ்-கன்ட்ரி பந்தயம். 1990இல் கொலராடோவின் டுராங்கோவில் சர்வதேசச் சைக்கிள் கூட்டமைப்பான யூசிஐயின் முதல் உலகப் போட்டி, 1996இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக். கிராம் கணக்கு வெறியானது இந்தக் காலத்தில்தான். எஃகு போல்ட்டைக் கழற்றி டைட்டானியம் போல்ட் போட்டார்கள். கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் குறையும். ஒரு வண்டியில் எத்தனை போல்ட் இருக்கிறது என்று எண்ணி எழுதித் தலையணையடியில் வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் உண்டு என்றால் நம்புவேன்.

இந்தக் கூட்டத்தில் கீத் பொன்ட்ரேகர் தனி ஆள். பௌதிகம் படித்து, மோட்டார் சைக்கிள் கட்டிப் பழகியவர். மலைச் சைக்கிளுக்கு நல்ல இலகுவான ரிம் கிடைக்காத காலத்தில், மாவிக் நிறுவனத்தின் சாலைப் பந்தய ரிம்மை வாங்கி, வட்டத்தில் ஒரு துண்டை அறுத்தெடுத்து, 26 அங்குலமாக மறுபடி வளைத்து இணைத்தார். ஒரு பாகம் உறுதியாக, இலகுவாக, மலிவாக இருக்க வேண்டும் என்று கேட்டால் மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் பெயரில் வழங்கும் சொல். பலரும் அதைக் கடைக்காரரின் சமாதானமாகத் திருப்பிச் சொல்கிறார்கள். அறுத்து வளைத்த அந்த ரிம்மை வைத்துப் பார்த்தால், அது வேலை செய்து பார்த்தவரின் கணக்கு.

அந்தக் கணக்கைக் கேட்காதவர்களும் இருந்தார்கள். 1990களின் முதல் பாதியில் கணினி வழி கடைசல் இயந்திரம் சிறு பட்டறைகளுக்கும் எட்டியபோது, ஊதா நிறமும் நீலமும் பூசிய கிராங்க், ஹப், பிரேக் கை என்று அலுமினியக் கட்டியைக் குடைந்தெடுத்த பாகங்கள் சந்தையில் குவிந்தன. கண்ணுக்கு விருந்து. ஆனால் அலுமினியத்துக்கு ஒரு குணம் உண்டு. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சுமை இருந்தால் எஃகு எத்தனை லட்சம் முறை வளைந்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்பு எல்லை கிடையாது. ஒவ்வொரு மிதியும் அதன் ஆயுளிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அடித்து உருவாக்கிய கிராங்கில் உலோகத்தின் இழை, பாகத்தின் வடிவத்தோடு வளைந்து ஓடும். கட்டியிலிருந்து குடையும்போது இழை அங்கங்கே வெட்டுப்படுகிறது. கூர்மையான உள்மூலை ஒன்று இருந்துவிட்டால் விரிசல் அங்கே ஆரம்பிக்கும். அழகான பாகங்கள் பல அப்படித்தான் ஒடிந்தன, பெரும்பாலும் இறக்கத்தில். கரணம் தப்பினால் மரணம் என்ற இடத்தில் 50 கிராம் மிச்சம் பிடித்து என்ன பயன்?

இதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. பால் டர்னரின் ராக்‌ஷாக்ஸ் ஆர்எஸ்-1 என்ற ஷாக் அப்சார்பர் ஃபோர்க், வெறும் இரும்பு ஃபோர்க்கைவிடக் கனமானது. அசைவோ 5 சென்டிமீட்டருக்கும் குறைவு. எடை பார்ப்பவர்கள் சிரித்தார்கள். டுராங்கோவில் கிரெக் ஹெர்போல்டு அதைப் பூட்டிக்கொண்டு இறக்கப் பந்தயத்தில் உலகப் பட்டம் வென்றார். சேர்த்த எடை வேகத்தைக் கூட்டும் என்பதை இந்த விளையாட்டு ஒப்புக்கொண்ட முதல் தருணங்களில் அது ஒன்று.

ஆல்-மவுண்டன் என்ற வகை 2000களில் உருவானது இந்த இரண்டு வழிகளும் சந்தித்த இடத்தில். முன்னும் பின்னும் 140 முதல் 160 மில்லிமீட்டர் வரை அசைவு. மிதித்து ஏற வேண்டும், ஏறிய பின் கற்களின் மேல் பாய்ந்து இறங்க வேண்டும். 2013இல் எண்டூரோ உலகத் தொடர் தொடங்கியது. அதன் விதி எளிது: ஏற்றத்தைப் பெரும்பாலும் உங்கள் காலால்தான் ஏற வேண்டும், ஆனால் கடிகாரம் இறக்கத்தில் மட்டும் ஓடும். மேலே குறித்த நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் போதும். அந்த ஒரு விதி எத்தனை கிலோவைத் திரும்ப அழைத்து வந்தது! அகன்ற கைப்பிடி, தடித்த ஃபோர்க், பெரிய டிஸ்க், டயருக்குள் நுரை வளையம். சீட்டை ஓடும்போதே இறக்கி ஏற்றும் டிராப்பர் போஸ்ட், சாதாரணக் குழாயைவிட 300, 400 கிராம் கனம். இறக்கத்தில் உடலைப் பின்னுக்குத் தள்ள அது தரும் இடத்தை ஒருமுறை அனுபவித்தவர் பழைய குழாய்க்குத் திரும்ப மாட்டார்.

ஆகவே இன்று ஆல்-மவுண்டன் வண்டியைத் தன் கையால் கட்டுகிறவருக்கு எடைக் குறைப்பு வேறு மாதிரி வேலை. முதலில் ஒரு மனக்கணக்கு. ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ குறைத்தால், ஒரு மணி நேரச் செங்குத்து ஏற்றத்தில் மிச்சமாவது சுமார் 40 விநாடி. டைட்டானியம் போல்ட்டில் 100 கிராம் குறைத்தால் 4 விநாடி. பணம் உங்களுடையது.

அதே பணத்தைப் பின்சக்கரத்தில் போட்டால் கதை மாறும். ஸ்ராம் நிறுவனத்தின் 12 கியர் கேசட்டை, அதாவது பின் பல்சக்கர அடுக்கை, எடுத்துக்கொள்ளுங்கள். மலிவான ரகம் 600 கிராமைத் தாண்டும். உச்ச ரகம் 360 கிராம் அளவில் நிற்கும். 250 கிராம் வித்தியாசம், அதுவும் ஸ்பிரிங் தாங்காத, கல்லில் நேரடியாக அடிபடுகிற இடத்தில். சக்கரப் பக்கம் இலகுவானால் ஷாக் அப்சார்பர் ஒவ்வொரு கல்லுக்கும் வேகமாக எழுந்து வேகமாகப் படியும். மேட்டில் கிடைப்பதைவிடச் சரிவில் கிடைக்கும் இந்த லாபத்தைத் தராசு காட்டாது. ஆனால் வாங்கும் முன் ஹப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு ரகமும் ஒரே ஃப்ரீஹப்பில் ஏறாது. ஃப்ரீஹப்பையும் மாற்ற வேண்டிவரும்.

டியூபை எடுத்துவிட்டு சீலன்ட் திரவம் ஊற்றினால் சக்கரத்துக்கு 100 கிராம் அளவில் குறையும். காற்றையும் குறைத்து ஓட்டலாம், பிடிப்பு கூடும். பழைய அலுமினிய ரிம்மைப் போல இதுவும் இரண்டு பக்கமும் லாபம் தரும் அபூர்வ வகை. டயரில் மட்டும் கைவைக்காதீர்கள் என்பேன். மெல்லிய பக்கச் சுவர் கொண்ட டயர் 300 கிராம் மிச்சம் தரும், கூரான முதல் பாறையில் கிழிந்து நிற்கும். பிரேக், ஸ்டெம், கைப்பிடி மூன்றும் அதே பட்டியலில்தான். கார்பன் கைப்பிடி போடுகிறவர் டார்க் ஸ்பானர் இல்லாமல் போல்ட்டைத் தொடக் கூடாது. ஸ்டெம்மின் மேல் எழுதியிருக்கும் 5 நியூட்டன் மீட்டர் அலங்காரத்துக்காக எழுதியதல்ல.

கட்டுகிறவருக்கு உண்மையான எதிரி எடையல்ல, அளவு மாற்றம். பின் ஹப்பின் அகலம் 135 மில்லிமீட்டர் என்றிருந்தது 142 ஆனது; 2014வாக்கில் 148 வந்தது. சக்கரம் 26 அங்குலத்திலிருந்து 29க்குப் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் பொறியியல் காரணம் சொல்வார்கள், அதில் உண்மையும் உண்டு. ஆனால் நல்ல நிலையில் இருக்கும் பழைய ஹப் ஒவ்வொரு முறையும் அலமாரிக்குப் போகிறது. கேபிள்களை ஹெட்செட் வழியாக உள்ளே நுழைக்கும் இன்றைய மோகத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரு பேரிங் மாற்றப் பிரேக் குழாயையே கழற்ற வேண்டியிருக்கிறது. இதற்கு நேர்மாறாக, 2019இல் ஸ்ராம் கொண்டுவந்த, எந்த நிறுவனத்தின் சட்டத்துக்கும் பொதுவான, பின் கியரைத் தாங்கும் ஹேங்கரை மனதாரப் பாராட்டலாம். அதற்கு முன் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு ஹேங்கர். உடைந்தால் அதற்கென்று தேடி அலைய வேண்டும். ஸ்ராமின் தொழிலுக்கு வசதியாக அமைந்ததுதான் என்றாலும் நன்மை நன்மைதான்.

இப்போது மேட்டை ஏற்றும் வேலை மோட்டாருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மின்சார மலைச் சைக்கிள்கள் 22, 25 கிலோ என்று வந்தன. ரீபேக் காலத்துப் பழைய வண்டிகளின் எடை. சுமப்பவர் வேறு ஒருவர் என்றதும் யாரும் கவலைப்படவில்லை. ஆனால் பேட்டரி தீர்ந்த பிறகு வண்டியை வீடுவரை மிதித்து வந்தவர்களும், வேலிக்கு மேலே தூக்கிக் கடத்தியவர்களும் கொஞ்சம் கொஞ்சமாக முணுமுணுக்கத் தொடங்கினார்கள். 2022இல் ட்ரெக் நிறுவனம் தன் ஃப்யூயல் இஎக்ஸ்இ வண்டியில் 2 கிலோவுக்கும் குறைந்த டிகியூ மோட்டாரைப் பொருத்தியது. பெரிய மோட்டாரைவிடத் தள்ளுவிசை குறைவு, பேட்டரியும் சிறியது. இவ்வகை வண்டிகளை வாங்கியவர்களில் சிலர் இப்போதே அவற்றின் போல்ட்டுகளைக் கழற்றித் தராசில் வைத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.