டைமிங்கைக் கூட்டாதீங்க, சரியா வைங்க!



நம் சுவர் இதழில் மரம் வளர்ப்போம், மழைநீர் சேமிப்போம் என்று நிறைய பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவது மோட்டார் சைக்கிளைப் பற்றி. "பொம்பளைப் பிள்ளைக்கு இது எதுக்கு?" என்று கேட்காமல் முழுசாகப் படியுங்கள்.

என் அப்பா டூவீலர் மெக்கானிக். எங்கள் வீட்டு முன்னால் இருக்கும் கொட்டகைதான் பட்டறை. பழைய வண்டி வைத்திருக்கும் அண்ணன்மார் வந்தால், "டைமிங்கைக் கொஞ்சம் கூட்டி விடுங்கண்ணே, பிக்கப் வரட்டும்" என்பார்கள். அப்பா மாட்டேன் என்பார். அப்பா சொல்வதுதான் சரி என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் டைமிங் என்றால் என்ன? எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலே ஏறி, பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையை அழுத்தும். அப்போது பிளக்கில் பொறி விழும். கலவை பற்றி எரிய கொஞ்ச நேரம் ஆகும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பொறி விழ வேண்டும். அப்போதுதான் பிஸ்டன் உச்சியைத் தாண்டி இறங்கும்போது முழு அழுத்தமும் கிடைக்கும். ஊஞ்சல் ஆட்டுவது மாதிரிதான். ஊஞ்சல் திரும்புகிற நேரம் பார்த்துத் தள்ளினால் உயரமாகப் போகும். நம்மை நோக்கி வரும்போதே தள்ளினால் கைதான் வலிக்கும். லேட்டாகத் தள்ளினால் கை காற்றில்தான் போகும்.

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், நொடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு 360 டிகிரி. அப்படியானால் ஒரு டிகிரி சுற்ற ஆகும் நேரம், ஒரு நொடியை 18,000 பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு! இதைத்தான் "கொஞ்சம் கூட்டி விடுங்க" என்று சாதாரணமாகக் கேட்கிறார்கள்.

எங்க மாமாவிடம் ஒரு புல்லட் இருக்கிறது. திருவொற்றியூரில் செய்த, பாயிண்ட் வைத்த பழைய 350 சிசி மாடல். அதில்தான் தினமும் பால் கேன் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போவார். வண்டி இழுக்கவில்லை என்று டவுனில் ஒரு கடையில் விட்டார். அவர்கள் டைமிங்கை முன்னால் தள்ளிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் வண்டி பறந்தது. மாமாவுக்கு ஒரே சந்தோஷம். மேட்டில் ஏறும்போது மட்டும் எஞ்சினில் 'டிங் டிங்' என்று சத்தம். மூன்றாம் நாள் விடியற்காலை கிக்கரை உதைத்தார். பிஸ்டன் ஏறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் வந்து அதைத் திருப்பித் தள்ள, கிக்கர் மாமா காலைத் திருப்பி அடித்தது. கணுக்கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டுப் போட்டுக் கிடந்தார். அத்தை சைக்கிளில் எவ்வளவு பால்தான் கொண்டுபோக முடியும்? பாதி வீட்டுப் பாலை வேற ஆள் பிடிச்சிட்டாங்க. இன்னும் அது திரும்பி வரல.

"அவருக்கு உதைக்கத் தெரியல, டிகம்ப்ரஷன் லீவரைப் பிடிச்சு உதைக்கணும்" என்று சிலர் சொன்னார்கள். மாமா 12 வருஷமாக அப்படித்தான் உதைத்து வந்தார். மாறியது அவர் கால் இல்லை, டைமிங்தான்.

அப்பா பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. பாயிண்டில் உள்ள ஃபைபர் தேய்ந்து இடைவெளி குறைந்திருந்தது. அதனால்தான் முதலில் பொறி லேட்டாக விழுந்து வண்டி இழுக்காமல் இருந்திருக்கிறது. கடைக்காரர் தேய்ந்ததை மாற்றாமல் தட்டை மட்டும் அளவில்லாமல் திருப்பிவிட்டார்.

அப்பா புது பாயிண்ட் போட்டு, கேஜ் வைத்து 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர்வரை இடைவெளி வைத்தார். வண்டியை டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தை மெதுவாக உருட்டியது நான்தான். பிளக் ஓட்டையில் கம்பி விட்டு பிஸ்டனின் உச்சியைக் குறித்துக்கொண்டு, அதற்கு 0.8 மில்லிமீட்டர் முன்னால் நிறுத்தினோம். பாயிண்டுக்கு நடுவில் மெல்லிசான தாள் ஒன்றை வைத்து, தட்டைத் துளித்துளியாகத் திருப்பினார். தாள் லூசாகி நழுவுகிற இடம்தான் பொறி விழும் இடம். அங்கேயே ஸ்க்ரூவை முறுக்கினார். இப்போ வண்டி நல்லா இழுக்குது, சத்தமும் இல்ல. அப்பா எதையும் கூட்டவில்லை. இருக்க வேண்டிய இடத்தில் வைத்தார், அவ்வளவுதான்!

"வேகமா போனா டைமிங் முன்னால வேணும்ல?" என்று கேட்பீர்கள். வேணும்தான். அதற்கு உள்ளேயே இரண்டு சின்ன எடைகளும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. வேகம் கூடினால் எடைகள் விரிந்து, பொறியைத் தானாகவே முன்னால் கொண்டுபோகும். அதற்கு மேல் நாமும் கூட்டினால் எஞ்சின் சூடாகி, பிஸ்டனே ஓட்டையாகிவிடலாம். இப்போது வருகிற புது வண்டிகளில் கம்ப்யூட்டர் பெட்டியே கணக்குப் போட்டுப் பொறி விடுகிறது. அதில் யாராவது "டைமிங் கூட்டித் தர்றேன்" என்றால், "எதைத் திருப்பிக் கூட்டுவீங்க?" என்று கேளுங்கள்.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு அளவு. அது கம்பெனி புத்தகத்தில் இருக்கும். வண்டி இழுக்கவில்லை என்றால் எது தேய்ந்தது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

நமக்கு இன்னும் வண்டி ஓட்டுற வயசு வரல. ஆனா தெரிஞ்சுக்கிற வயசு வந்துடுச்சு. உங்கள் அப்பாவோ அண்ணனோ மாமாவோ "டைமிங் கூட்டப் போறேன்" என்று கிளம்பினால், எங்க மாமா காலைப் பற்றிச் சொல்லுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி