அக்ரி படிச்சாதான் விவசாயம் பண்ண முடியுமா?

“அக்கா, அக்ரி படிச்சுட்டு நம்ம தோட்டத்தையே பாத்துக்கலாம்னு இருக்கேன்.” ப்ளஸ் டூ முடிச்ச என் சித்தப்பா பையன் இப்படிச் சொன்னதும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். தோட்டத்தைப் பார்க்க நாலு வருஷப் பட்டம்தான் வழியா?

நீங்களும் இதே யோசனையில் இருந்தா, முதல்ல ஒண்ணைத் தெளிவாக்கிக்கோங்க. உங்களுக்கு வேண்டியது விவசாயமா, விவசாயம் சார்ந்த வேலையா?

வேலைதான்னா, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி அக்ரி நல்ல வழி. மண்ணியல், பூச்சியியல், மரபியல்னு நாலு வருஷம். கடைசி வருஷத்தில் கிராமத்தில் தங்கி அனுபவப் பயிற்சியும் உண்டு. முடிச்சா டி.என்.பி.எஸ்.சி-யில் வேளாண்மை அலுவலர், வங்கிகளில் விவசாய அலுவலர், விதை, உரக் கம்பெனிகள்னு கதவுகள் திறக்கும். கவனிச்சீங்களா? இதில் ஒண்ணுகூட சொந்த வயல் இல்லை. கால்நடை மருத்துவமும் அப்படித்தான். இன்டர்ன்ஷிப் ஒரு வருஷத்தையும் சேர்த்து அஞ்சரை வருஷம் படிச்சு டாக்டர் ஆகலாம். ஆட்டுப்பண்ணை வைக்க அந்தப் பட்டம் தேவையில்லை.

தனியார் கல்லூரியில் பணம் கட்டுறதுக்கு முன்னாடி, பல்கலைக்கழக இணைப்பும் ஐ.சி.ஏ.ஆர் அங்கீகாரமும் இருக்கான்னு கட்டாயம் பாருங்க.

சரி, விவசாயமேதான் வேணும்னா? ரெண்டு வருஷ டிப்ளமோ இருக்கு. அதைவிடச் சின்ன வழி, வேளாண் அறிவியல் நிலையம், அதாவது கே.வி.கே. நாட்டின் முதல் கே.வி.கே 1974-ல் நம்ம பக்கத்துப் புதுச்சேரியில்தான் தொடங்குச்சு. இப்போ நாடு முழுக்க 700-க்கும் மேல. கால்நடைப் பல்கலைக்கழகமும் மாவட்டங்களில் பயிற்சி மையங்கள் நடத்துது. ஆடு, நாட்டுக்கோழி, கறவை மாடுனு சில நாள் பயிற்சிகள். இதுக்கெல்லாம் கட்-ஆஃப் கிடையாது!

ஆனா பயிற்சி கிடைச்சுடும், பணம்தான் சிக்கல். தேசிய கால்நடை இயக்கத்தில் ஆட்டுப்பண்ணைக்கு 50% மானியம்னு ரீல்ஸ் பார்த்திருப்பீங்க. உண்மைதான். ஆனா ஆரம்பமே 100 பெட்டை, 5 கிடா. மானியமும் முன்பணமா கைக்கு வராது. வங்கிக் கடனோ, சொந்தக் காசோ போட்டு வேலையை ஆரம்பிச்ச பிறகு ரெண்டு தவணையா வரும். நிலம் சொந்தமாகவோ குத்தகையாகவோ காட்டணும். நிலமில்லாத வீட்டுப் பிள்ளைக்குச் சான்றிதழை மட்டும் கையில் கொடுத்து ‘தொழில்முனைவோர் ஆகு’ன்னு சொல்றது எனக்கு நியாயமாப் படலை.

பட்டம் படிச்சவங்களுக்குக் கொஞ்சம் தோதான வழி, 2002-லேர்ந்து இருக்கும் ‘அக்ரி கிளினிக்’ திட்டம். 45 நாள் இலவசப் பயிற்சி, பிறகு கடனுக்கு 36% மானியம். பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 44%.

தம்பிகிட்ட இதையெல்லாம் சொன்னேன். கவுன்சலிங்குக்கு விண்ணப்பிச்சுட்டான். கூடவே பக்கத்து கே.வி.கே-யின் ஆடு வளர்ப்புப் பயிற்சிக்கும் பேர் கொடுத்திருக்கான். சித்தப்பாவும் கூடப் போறாராம்.