பூநாரையை எழுப்பாதீங்கோ

மாரியோடு வங்காலைச் சதுப்புக்குப் பூநாரைகள் வந்துவிட்டால், பின்னாலேயே கமராக்களும் வந்துவிடும். நல்ல விசயம்தான். ஆனால் எல்லாருக்கும் ஒரே படம் வேணும்: சிவப்பும் கறுப்புமாய்ச் செட்டை விரித்த கூட்டம். அந்த நிறம் பறந்தால்தான் முழுசாய்த் தெரியும். அதுக்காகச் சிலர் கை தட்டுவினம், சிலர் ட்ரோன் விடுவினம்.

தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுத் தண்ணியை வடித்துத் தின்னுற பறவை அது. தின்னுற நேரம் எழுப்பினால், நெடும் பயணத்துக்குச் சேர்க்கிற கொழுப்பைத்தான் கரைக்கிறோம். 2008இல் சரணாலயமாகவும் 2010இல் ராம்சார் தளமாகவும் அறிவித்த இடம் இது. காற்றாலை பறவைக்குக் கூடாதெண்டு கதைக்கிற நாங்களே ட்ரோன் விடலாமோ?

காரை விட்டு இறங்காமல் ஒரு மணித்தியாலம் பொறுத்துப் பாருங்கோ, அதுகளாவே எழும்பும். எழும்பாட்டி, தின்னுற பூநாரையை எடுங்கோ. அந்தத் தலைகீழ் அலகை ஒழுங்காய்க் காட்டுற படம் கனக்க நான் கண்டதில்லை.