மலை ஏறும் கன்றுகளை யார் பார்க்கிறார்கள்?

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் கொல்லிமலைக்கு ஏறுகிற சாலையில், நம் வனத்துறையின் கண் எப்போதும் கீழே இறங்கும் வண்டி மீதுதான் இருக்கிறது. வெட்டிய மரம் போகிறதா என்பதே நம் கவலை. மேலே ஏறும் மரவள்ளிக் குச்சிக் கட்டுகளையும் நாற்றங்கால் கன்றுகளையும் நிறுத்திப் பார்ப்பவர் இல்லை. காட்டுக்கு வரும் ஆபத்து மேலே போகும் வண்டியில்தான் ஏறுகிறது.

மரவள்ளி மாவுப்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரலில் திருச்சூரில் தென்பட்டது, வெகு சீக்கிரமே சேலம், நாமக்கல் வயல்களுக்கு வந்துவிட்டது. பெண் பூச்சி ஆண் துணையின்றியே முட்டையிடும் என்பதால் குச்சியின் கணுவில் ஒட்டிய ஒன்றே போதும். பூச்சி தாக்கிய செடியின் குருத்து, கணு குறுகி, இலை சுருண்டு முட்டைக்கோஸ் போலக் குவிந்து நிற்கும். பிரித்தால் வெண்மாவு பூசிய இளஞ்சிவப்புப் பூச்சிகள். தெளிக்கிற மருந்து அந்த மடிப்புக்குள் எளிதில் போகாது. ஆப்பிரிக்காவில் 1981 முதல் இதை அடக்கியது அனகைரஸ் லோபஸி என்ற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவி. பெங்களூரின் தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம் அதை 2021-இல் பெனின் நாட்டிலிருந்து தருவித்தது. 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வயலில் விட்டார்கள். கொரோனா காலத்தில் இரண்டே ஆண்டு; பாராட்ட வேண்டிய வேகம்.

ஆனால் மரவள்ளி பணப்பயிர். சேகோ ஆலைகள் இருக்கின்றன, விவசாயிகள் குரல் கொடுத்தார்கள். காட்டு மரத்துக்கு யார் குரல் கொடுப்பது? கல்யாண முருங்கையின் கதை நினைவிருக்கும். 2006 வாக்கில் கேரளத்தில் ஒரு குளவி அதன் இலைக்காம்புகளைக் கழலை கழலையாகப் புடைக்க வைத்தது; மரம் பட்டுப்போனால் அதில் படர்ந்த மிளகுக்கொடிக்கு என்ன கதி? அதே குளவியால் ஹவாயில் உள்நாட்டு மரத்தையே இழக்கும் நிலை வந்தபோது, தான்சானியாவிலிருந்து எதிரிக் குளவியைத் தேடிக் கொண்டுவந்து 2008-இல் விட்டார்கள். கொல்லிமலையில் மிளகு இன்று பெரும்பாலும் சில்வர் ஓக்கையே பிடித்து ஏறுகிறது. ஒரே இனத்தை இவ்வளவு நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சட்டமும் கைகொடுப்பதில்லை. 2003-இன் தாவரத் தொற்றுத்தடை ஆணை இறக்குமதியோடு நின்றுவிடுகிறது. 2022-இல் வந்த மாநிலக் கொள்கை உண்ணிச்செடி போன்ற அந்நியத் தாவரங்களுக்கானது; பூச்சியும் பூஞ்சையும் அதற்கு வெளியே. வேலிக்கு இந்தப் பக்கம் பட்டா நிலம், தோட்டக்கலைத் துறை. அந்தப் பக்கம் காப்புக்காடு, வனத்துறை. புடைத்த இலையைப் பார்த்த மலைவாசி எந்த அலுவலகத்துக்குப் போவார்?

வடகிழக்குப் பருவமழை நடவுக்கு முன் செம்மேடு, சோளக்காடு பகுதி நாற்றங்கால்களுக்கு ஒரு வனவரும் ஒரு தோட்டக்கலை அலுவலரும் சேர்ந்தே போகட்டும். குருத்தையும் இலையின் அடிப்புறத்தையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். சந்தேகமான கிளையைப் பையில் கட்டி, இடம், தேதி எழுதிக் கோவை வன மரபியல் மற்றும் மரப்பெருக்க நிறுவனத்துக்கு அனுப்புங்கள். மருந்தடித்துவிட்டு அனுப்ப வேண்டாம். பூச்சியோடு அதன் உடலுக்குள் வளரும் ஒட்டுண்ணியும் செத்துவிடும்.