அரை மணி நேரக் கணக்கில் விடுபட்டவை

நகத்தளவு சிப்பில் ஒரு துளி விட்டால் அரை மணியில் நோய்க்கிருமி தெரிந்துவிடும், தட்டில் வளர்த்துப் பார்க்கும் பழைய சோதனைக்கு இனி வேலையில்லை என்று நுண்பாய்ம உயிர் உணரிகளைப் பற்றிச் சொல்கிறார்கள். அந்தத் துளிக்குள் கிருமி இருந்தால் சரிதான். குடிநீரிலோ 100 மில்லிலிட்டரில் ஓர் ஈ.கோலைகூட இருக்கக் கூடாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். இந்தியத் தரமும் அதுவே. முடியின் பருமனுள்ள தடத்தில் நிமிடத்துக்கு 10 மைக்ரோலிட்டர் ஓடுவதாகக் கொள்ளுங்கள். 100 மில்லிலிட்டரும் ஓடி முடிய 10,000 நிமிடம், அதாவது ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். ஒரு துளியைப் பார்த்துவிட்டு 'இல்லை' என்பது மீதி நீரைப் பற்றிய தீர்ப்பாகாது. உணவில் 25 கிராமுக்குள் ஒளிந்திருக்கும் ஒன்றிரண்டு சால்மொனெல்லாவைப் பெருக்க, ஊட்டநீரில் சுமார் 18 மணி நேரம் வைக்கிறார்கள். விளம்பரத்தின் அரை மணி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

வடிகட்டியோ காந்த மணிகளோ கொண்டு கிருமிகளை முன்பே திரட்டிவிடலாமே என்பார்கள். திரட்டலாம்; ஆராய்ச்சிப் பணம் அதிகம் போக வேண்டிய இடமும் அதுதான். ஆனால் கலங்கல் நீர் வடிகட்டியை அடைக்கும், இறைச்சியின் கொழுப்பும் புரதமும் உணரியின் பரப்பில் படியும். இவற்றைச் சமாளிக்கும் நேரத்தையும் பயிற்சி பெற்ற ஆளையும் சேர்க்காமல் சொல்லும் வேகம் முழு வேகமல்ல.

கிருமி இருப்பது தெரிந்தால் போதும் என்பது அடுத்த வாதம். குளோரினால் செத்த பாக்டீரியாவின் டி.என்.ஏ.வும் உணரியில் பதிவாகும். மறுபக்கம், உயிரோடிருந்தும் தட்டில் வளராத நிலைக்குக் காலரா கிருமி போகும் என்று நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல் குழுவினர் 1980களில் காட்டினார்கள். வளர்ப்புச் சோதனையும் குறையற்றதல்ல. ஆனால் எந்த வகைக் கிருமி என்று பிரித்தறியாத 'இருக்கிறது' என்ற பதில் என்ன செய்யும் என்பதை 2011இல் ஜெர்மனி கண்டது. அங்கே ஈ.கோலையால் ஒரு நோய் பரவியபோது, ஸ்பெயின் வெள்ளரிக்காயில் ஆபத்தான ஈ.கோலை இருந்ததாக ஹாம்பர்க் அதிகாரிகள் அறிவித்தார்கள். இருந்தது உண்மை, ஆனால் அது நோயைப் பரப்பிய ஓ104 வகை அல்ல. மூலம் வெந்தய முளை என்று தெரிவதற்குள் ஸ்பெயின் விவசாயிகளின் விளைச்சல் வீணானது. அந்த நோய் 50க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது.

எதிர்த்தரப்பின் வலுவான சான்று, 2024இல் 80 லட்சம் பவுண்டு லாஞ்சிடியூட் பரிசை வென்ற ஸ்வீடன் கருவி. சிறுநீர்த் தொற்றுக்கு எந்த ஆன்டிபயாடிக் கேட்கும் என்பதை அது 45 நிமிடத்துக்குள் சொல்கிறது. அது பெரிய சாதனை, ஏழைநாட்டு மருத்துவமனைகளுக்கும் அது எட்ட வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் தொற்றுள்ள சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கே பெரும்பாலும் லட்சம் பாக்டீரியா இருக்கும். அதனால்தான் அரை மில்லிலிட்டருக்கும் குறைவான மாதிரி போதுமாகிறது. அந்தச் சிப்பும் உயிருள்ள பாக்டீரியாவை நுண்குழிகளில் பிடித்து, மருந்தில் அது வளர்கிறதா என்றே பார்க்கிறது. வளர்ப்புச் சோதனையை அது ஒழிக்கவில்லை, சுருக்கியிருக்கிறது.

எனவே உங்கள் ஊர்க் குடிநீருக்கோ உணவுக்கூடத்துக்கோ இத்தகைய கருவியை வாங்கும் முன், எத்தனை மில்லிலிட்டரைச் சோதிக்கிறது, மாதிரி எடுத்த நொடியிலிருந்து எத்தனை மணி நேரம், செத்த கிருமியைப் பிரித்தறியுமா என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.