கோயில் கதவை யாருக்குப் பூட்டுகிறீர்கள்?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை உள்ளவர்கள் வாசியுங்கள். மற்றவர்கள் வழக்கம்போல லைக் போட்டுவிட்டுப் போங்கள், கோபமில்லை.

எங்கள் கோயிலில் ஐந்து வருஷமாக மாதாமாதம் இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் நடந்துவந்த இசைக்கூட்டத்தை நிறுத்துவதென்று சேகரக் கமிட்டி தீர்மானம் போட்டுவிட்டது. போன ஞாயிறு ஆராதனையில் அறிவிப்புகளோடு அறிவிப்பாக அதையும் வாசித்தார்கள். 'ஆலயத்தின் பரிசுத்தம் கருதி' என்று ஒரு வார்த்தை. அதுதான் எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஆறு மணிக்கு ஆரம்பித்து ஏழரைக்கு முடியும். டிக்கெட் இல்லை, பொன்னாடை இல்லை, முன்வரிசை நாற்காலி இல்லை. எல்லாரும் பாயில்தான். எங்கள் பாடகர் குழு கீர்த்தனை பாடும். மேலத்தெரு நாதஸ்வரக்காரர் ஒரு மாதம் வாசிப்பார். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் புல்லாங்குழலோடு வருவார். பள்ளிப் பிள்ளைகள் பாடுவார்கள், சுருதி விலகும், யாரும் சிரிக்கமாட்டோம். முடிந்ததும் சுண்டலும் தேநீரும். மூன்று தெரு ஜனங்கள், எந்தச் சாமி கும்பிடுகிறவரானாலும், ஒரே பாயில் உட்கார்ந்த இடம் எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் அது ஒன்றுதான்.

கமிட்டிக்காரர்கள் மூன்று காரணம் சொல்கிறார்கள். கரண்ட் பில் ஒன்று. இரண்டு மைக்கும் நாலு ஃபேனும் ஒன்றரை மணி நேரம் ஓடுகிற செலவைச் சொல்லிக்கொண்டே, வருகிற டிசம்பரில் எல்.இ.டி. திரை வாடகைக்கு எடுத்து வெளியூர் இசைக்குழுவைக் கூப்பிடவும் திட்டம் போட்டிருக்கிறார்கள். இதற்கு நான் பதில் எழுதவேண்டியதில்லை.

இரண்டாவது, 'நம் இசை அல்ல'. ஐயா, உங்கள் கையில் இருக்கிற கீர்த்தனைப் புத்தகத்தைப் பிரியுங்கள். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகமும் தாளமும் அச்சாகியிருக்கிறதே, அது எதற்கு? பாளையங்கோட்டையில் 1774-இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூர் போய், பின்னால் அரசரான சரபோஜியோடு சேர்ந்து படித்து, குறவஞ்சி என்கிற நம் மண்ணின் வடிவத்தை எடுத்து பெத்லகேம் குறவஞ்சி பாடினார். பிந்தி வந்த மிஷனரிகள் கோயிலில் அவர் பாட்டுகள் வேண்டாம் என்று முகம் சுளித்தபோது அவர் அவர்களோடு மல்லுக்கு நின்றார். (சாதி விஷயத்தில் அவர் நின்ற பக்கம் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. ஆனால் பாட்டு விஷயத்தில் நியாயம் அவர் பக்கம்.) அதே மிஷனரி வர்க்கத்தில் மதுரையிலிருந்த வெப் என்ற அமெரிக்க ஐயர், அவர் பாட்டுகளைத் தேடிச் சேர்த்து 1853-இல் புத்தகமாகப் போட்டார். கடல் தாண்டி வந்தவருக்குப் புரிந்தது, இந்த மண்ணில் பிறந்த நமக்குப் புரியவில்லை. இன்றைக்குக் கீபோர்டில் பட்டனைத் தட்டினால் வருகிற தாளத்துக்குள் எல்லாக் கீர்த்தனையையும் திணித்துவிட்டு, 'நம் இசை' என்கிறோம்.

மூன்றாவது காரணத்தைத்தான் யாரும் மைக்கில் சொல்வதில்லை. வெளியே, பைக்கை ஸ்டார்ட் பண்ணும்போது சொல்கிறார்கள். 'திருநீறு பூசினவர் பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்து வாசிக்கலாமா சார்?'

வாசிக்கலாம். பாடகர் குழுவுக்குப் பக்கத்தில் ஒரு வயலின் வைத்திருக்கிறோம். அது ஐரோப்பாக்காரர் கொண்டுவந்த வாத்தியம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதை வெள்ளைக்கார வாத்தியாரிடம் கற்றுக்கொண்டு வந்து கர்நாடக இசைக்குள் சேர்த்தார். அந்த வாத்தியத்திடம் யாரும் ஞானஸ்நானச் சான்றிதழ் இருக்கிறதா, இல்லையா என்று விசாரிக்கவில்லை.

இன்னும் பக்கத்தில் வாருங்கள். தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் 1859-இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர். என்னைப் போல ஆசிரியர் பயிற்சி முடித்து வாத்தியார் வேலை பார்த்தவர். (அதனால் எனக்கு அவர்மேல் கொஞ்சம் சொந்தம் கொண்டாடும் ஆசை உண்டு.) பிறகு சித்த வைத்தியம் செய்து, சம்பாதித்த பணத்தைத் தமிழிசையில் கொட்டினார். 1912 முதல் தஞ்சாவூரில் சொந்தச் செலவில் மாநாடுகள் கூட்டினார். வந்து வாதாடிய வித்வான்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்ல. அவர் வீட்டு உணவு, அவர் வீட்டு உபசாரம். 1917-இல் கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. அதில் தமிழனின் சுருதிக் கணக்கைத் தேடி அவர் போன இடம், சமண முனிவர் செய்த சிலப்பதிகாரம். அவருடைய விசுவாசம் அதனால் ஒரு மாற்றுக் குறைந்ததா? கூட்டத்தில் அவர் படத்தை மாட்டி மாலை போடுகிறீர்கள். அவர் இன்று உயிரோடு வந்தால் அவருடைய மாநாட்டுக்கு நம் ஹாலை வாடகைக்குக்கூடக் கொடுக்கமாட்டீர்கள்.

எங்கள் பக்கத் தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை ஒரு பையன் ஆர்வக்கோளாறில் சினிமாப் பாட்டை எடுத்துவிட்டான். விசில் பறந்தது. அன்று நான்தான் எழுந்துபோய் நிறுத்தினேன், அடுத்த மாதம் முதல் பாடுகிற பட்டியலை ஐயரிடம் முன்கூட்டியே காட்டினோம். தவறு நடந்தால் திருத்துவது வகுப்பறை முறை. வகுப்பையே பூட்டுவது எந்தப் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள்?

கமிட்டியில் இருக்கிற ஏழு பேரில் மூவர் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள். இதைப் படிப்பார்கள் என்று தெரியும். தம்பிகளா, உங்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு, பகை இல்லை. தீர்மானத்தை எழுதும் முன் ஒரே ஒரு சனிக்கிழமை வந்து பாயில் உட்கார்ந்திருக்கிறீர்களா? வருகைப் பதிவு என் மனதில் இருக்கிறது. மூவருக்கும் ஆப்சென்ட்.

நேற்றுக் கடைத்தெருவில் நாதஸ்வரக்காரரின் மகளைப் பார்த்தேன். எட்டாவது படிக்கிறாள். அடுத்த மாதத்துக்காக எங்கள் புத்தகத்திலிருந்து ஒரு கீர்த்தனையை மூன்று வாரமாகப் பழகிக்கொண்டிருக்கிறாள். அப்பா வாசிக்க, இவள் பாட. "சார், அடுத்த மாசம் கூட்டம் உண்டா?" என்றாள். உண்டு, பழகு என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றவேண்டும். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுத்துமூலமாக மனு கொடுக்கிறேன். கையெழுத்துப் போட விரும்புகிற சபையார் காலை எட்டு மணிக்குள் வேப்பமரத்தடிக்கு வாருங்கள், பேனா நான் கொண்டுவருகிறேன். தீர்மானம் மாறாவிட்டால் இரண்டாவது சனிக்கிழமை ஆறு மணிக்கு என் வீட்டு முற்றம். பாய் மட்டும் போதாது, இருப்பவர்கள் கொண்டுவாருங்கள்.