பட்டியல் நம்மிடமே இருக்கட்டும்

சங்கத்தின் மின்னஞ்சற் பட்டியலை மூடிவிட்டு வாட்ஸப்போடு நின்றுவிடலாம் என்று அன்பர் சிலர் பேசுகின்றனர். நான் உடன்படேன். நேற்றுச் சேர்ந்த முதலாண்டு மாணவர் 3 ஆண்டுகளுக்கு முந்திய விடுதிக் குறிப்பை வாட்ஸப்பில் எங்கே தேடுவார்? மெயில்மேன் காப்பகத்தில் அது கிடைக்கும்.

"மடல்கள் வருவதில்லையே!" என்கின்றனர். உண்மைதான். ஆனால் காரணம் என்ன? மடலை அனுப்பும் நிறுவனம் அதில் டிகேஐஎம் என்னும் முத்திரையைப் பதிக்கிறது. நாமோ தலைப்பில் சங்கத்தின் பெயரையும், அடியில் ஒரு வாழ்த்தையும் ஒட்டுகிறோம். (அந்த வாழ்த்தை யார் படிக்கிறார்களோ!) ஒட்டியதும் முத்திரை உடைகிறது. சரிபார்ப்பில் தேறாத தன் பயனர் மடல்களை ஏற்க வேண்டாமென 2014 ஏப்ரலில் யாஹூ அறிவித்தபோது, உலகெங்கும் பட்டியல்கள் தடுமாறின. இதில் ஒரு கொடுமையும் உண்டு. எழுதியவர் யாஹூக்காரர், மடலைத் திருப்பியது ஜிமெயில். மெயில்மேனோ திரும்பிய மடல்களை எண்ணி, ஒன்றுமறியாத ஜிமெயில் உறுப்பினருக்கு அஞ்சலையே நிறுத்திவிடும்!

ஒட்டுவதை விட்டொழிப்போம், அல்லது அனுப்புநர் இடத்தில் பட்டியலின் முகவரியை வைப்போம். பைத்தான் 2-க்கு ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் நின்றது. அதை நம்பிய மெயில்மேன் 2-ஐ இன்னும் கட்டி அழுவானேன்? மூன்றாம் பதிப்பு 2015-இலேயே வந்துவிட்டது.

உண்மைக் குறை வேறு. வழங்கியின் சாவி எப்போதும் ஓர் இறுதியாண்டு மாணவரிடமே இருக்கிறது. அவர் பட்டம் பெற்றுப் போனதும் பட்டியல் அநாதையாகிறது. வரும் பொதுக்குழுவில் முதலாண்டினர் இருவரிடம் அதை ஒப்படைக்கக் கோருகிறேன்.